எருக்குவியல் வீடியோ பார்த்தவர்களுக்கு

அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். பக்கத்துக் குடியிருப்புக்காரர் ஒருவர் பால்கனியில் மூக்கைப் பொத்தி நின்றுகொண்டு எங்கள் மாட்டுப் பண்ணையின் எருக்குவியலைக் காட்டி "பாருங்கள், விஷவாயு கிளம்புது" என்கிறார். ஐயா, அது நீராவி. சாணியும் வைக்கோலும் பதமாகக் கலந்து காற்றுப் போக அடுக்கினால் உள்ளே 55, 60 டிகிரி வரை சூடேறும். ஒரு கம்பியைச் செருகி வைத்து உருவித் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகின்றன. குளிர்ந்த காலையில் ஆவி தெரியத்தான் செய்யும். ஒழுங்காகப் பராமரித்ததற்கு இந்தப் பட்டம்!

நாற்றமே இல்லை என்று சொல்லவில்லை. மழையில் ஊறினால் நாறும், புரட்டுகிற அன்றும் நாறும். சரி, அதை விடுங்கள்.

ஒரு பெரிய மாட்டின் சாணியும் மூத்திரமும் சேர்த்து நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேலே வரும். அப்பா காலத்திலும் வந்தது, சுற்றியிருந்த வயல்களுக்குப் போனது. அந்த வயல்களில்தான் இப்போது நீங்கள் குடியிருக்கிறீர்கள். எரு போகவேண்டிய நிலத்தில் வீடு கட்டிவிட்டு, எரு ஏன் இங்கேயே கிடக்கிறது என்றால் நான் என்ன சொல்ல?

மனை விற்றவர்கள் அச்சடித்த நோட்டீஸில் "பசுமையான கிராமத்துச் சூழல்" என்று போட்டு ஒரு மாட்டுப் படம். எங்கள் மாடு! நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வலது கொம்பு கொஞ்சம் சாய்ந்திருக்கும், எனக்குத் தெரியாதா? படத்துக்கு மாடு வேண்டும், அது சாணி மட்டும் போடக்கூடாது.

"கோபர் கேஸ், அதாவது சாண எரிவாயுக் கலன், போடலாமே?" என்கிறீர்கள். போடலாம். வாயு எடுத்த பிறகும் கரைசல் கிட்டத்தட்ட ஊற்றிய அளவே வெளியே வரும், தழைச்சத்தும் அதில் அப்படியே இருக்கும். அதைப் பாய்ச்சவும் வயல்தான் வேண்டும். நிலத்தடி நீர் கெட்டுப்போகும் என்கிறீர்களா? அளவுக்கு மீறிக் கொட்டினால் எருவிலிருந்து நைட்ரேட் என்கிற உப்பு நிலத்தடி நீரில் இறங்கும், உண்மை. அதற்குத்தானே அடியில் சிமெண்ட் தளம் போட்டிருக்கிறோம். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம், எங்களுக்கு உயிர்மேல் ஆசை இல்லையா?

"காலம் மாறிப்போச்சு, பண்ணையைத் தள்ளிக்கொண்டு போங்கள்" என்கிற நியாயவான்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் அரிசோனா உச்ச நீதிமன்றம் 1972-ல் இதே மாதிரி வழக்கில், மாட்டுப் பண்ணை இடம் மாற வேண்டும், ஆனால் அதற்கான செலவைப் பண்ணைப் பக்கம் வீடு கட்டி விற்ற கம்பெனிதான் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தருகிறீர்களா? போகச் சொல்லும்போது மட்டும் எல்லோருக்கும் வாய் நீளுகிறது.

சரி, குவியலை எடுத்துவிடுகிறேன். நாளைக் காலையில் மாடு சாணி போடும். எங்கே கொட்டுவது என்று சொல்லுங்கள். தயவுசெய்து "வேறு எங்காவது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அங்கேயும் மனைக்கல் நட்டாயிற்று.