டேட்டாவைக் கியூஜிபிஎல்லில் போடாதீர்கள்

ஐபிஎம்மின் ஏஎஸ்/400 என்ற பிசினஸ் கம்ப்யூட்டர் பக்கம் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "டேட்டாபேஸை எந்த டிஸ்க்கில், எந்த ஃபோல்டரில் வைக்கணும்?" 1988இல் அறிமுகமானதிலிருந்து இன்று பவர் சர்வரில் ஐபிஎம் ஐ என்ற பெயரில் ஓடுவது வரை, இந்த மெஷினில் அந்தக் கேள்விக்கு அநேகமாக வேலையே இல்லை. ஒரு ஃபைலை ஏஎஸ்பியில் (டிஸ்க்குகளின் தொகுப்பு) இருக்கும் டிஸ்க்குகள் எல்லாவற்றிலும் சிஸ்டமே பரப்பி வைத்துக்கொள்ளும். நாம் முடிவு செய்ய வேண்டியது லைப்ரரி, அதாவது ஃபைலும் புரோகிராமும் எந்தப் பெயரின் கீழ் உட்காரும் என்பது. பலர் அதை முடிவு செய்வதே இல்லை. அதனால்தான் டேட்டா கியூஜிபிஎல் என்ற சிஸ்டத்தின் பொது லைப்ரரியில் போய் விழுகிறது.

யூசர் புரொஃபைலில் கரண்ட் லைப்ரரி கொடுக்காமல் விட்டால் டிஃபால்ட் கியூஜிபிஎல்தான். லைப்ரரி பெயர் சொல்லாமல் ஃபைல் கிரியேட் பண்ணினால் அங்கே போய் உட்காரும். அதே லைப்ரரியில் ஐபிஎம்மின் ஆப்ஜெக்ட்களும் கிடக்கும், ஓஎஸ் அப்கிரேடும் அதைத் தொடும். உங்களுடையதை மட்டும் பிரித்தெடுத்து வேறு மெஷினில் ரீஸ்டோர் பண்ணும் நாளில் வலி தெரியும்.

என் கணக்கில் குறைந்தது இரண்டு லைப்ரரி வேண்டும்: டேட்டாவுக்கு ஒன்று, புரோகிராமுக்கு ஒன்று. புரோகிராம் எப்போதாவது மாறும், டேட்டா நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். இரண்டுக்கும் ஒரே பேக்கப் அட்டவணை பொருந்தாது. புரோகிராமுக்குள் லைப்ரரி பெயரை எழுதாதீர்கள். ஜாப் டிஸ்கிரிப்ஷனில் இருக்கும் லைப்ரரி லிஸ்ட் (எந்தெந்த லைப்ரரியில் மேலிருந்து கீழாகத் தேடுவது என்ற வரிசை) அதைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் டெஸ்ட் ஜாபின் லிஸ்ட்டில் புரொடக்‌ஷன் டேட்டா லைப்ரரி இருக்கவே கூடாது. "டெஸ்ட் மேலே இருக்கு, புரொடக்‌ஷன் கீழேதானே இருக்கு" என்பார்கள். டெஸ்ட்டில் ஒரு ஃபைல் விடுபட்டிருந்தால் போதும், சிஸ்டம் சத்தமே இல்லாமல் கீழே இருப்பதைத் திறந்து அதில் எழுதிவிடும்.

இதைவிட மோசமான இடம் லாஜிக்கல் ஃபைல். டேட்டா இருப்பது பிசிக்கல் ஃபைலில், லாஜிக்கல் என்பது அதையே வேறு வரிசையில், வேறு வடிவில் காட்டும் பார்வை மட்டும். பிசிக்கல் ஃபைல் ஒரு லைப்ரரியில், அதன் லாஜிக்கல் இன்னொன்றில் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கும் இடங்கள் உண்டு. பார்க்க ஒழுங்காக இருக்கும். டெஸ்ட்டுக்காக இரண்டையும் டூப்ளிகேட் ஆப்ஜெக்ட் கமாண்டில் நகலெடுங்கள். நகலான லாஜிக்கல், நகலான பிசிக்கலைப் பார்க்காது, பழைய புரொடக்‌ஷன் பிசிக்கலையே பார்த்துக்கொண்டிருக்கும். டெஸ்ட் லைப்ரரியில் இருக்கிற ஃபைல்தானே என்று ஒரு ரெக்கார்டை டெலீட் பண்ணினால் போவது உண்மையான ரெக்கார்ட். இரண்டும் ஒரே லைப்ரரியில் இருந்து, பிசிக்கலை முதலில் நகலெடுத்திருந்தால் இந்த வம்பு இல்லை. ரீஸ்டோரிலும் இதே சிக்கல்தான்: பிசிக்கல் வந்து சேருமுன் லாஜிக்கலை வைக்க முடியாது. டிஃபர் ஐடி (பிசிக்கல் வரும்வரை லாஜிக்கலைத் தள்ளிவைக்கும் ஆப்ஷன்) கொடுத்துச் சமாளிக்கலாம், ஆனால் நடுராத்திரி ரெகவரியில் அது யாருக்கு ஞாபகம் வரும்? நகலெடுத்த பிறகு டிஸ்ப்ளே டேட்டாபேஸ் ரிலேஷன்ஸ் கமாண்டை ஓட்டி, எது எதன்மேல் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஜர்னல், அதாவது ஃபைலில் நடக்கும் மாற்றங்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு. ஜர்னல் இல்லாத ஃபைலில் கமிட்மென்ட் கன்ட்ரோலோடு (ஒரு தொகுதி மாற்றங்கள் எல்லாம் நிற்கும் அல்லது எல்லாமே திரும்பும் என்ற ஏற்பாடு) ஓடிபிசி (வெளி அப்ளிகேஷன்கள் டேட்டாபேஸை அணுகும் வழி) வழியாக இன்சர்ட் பண்ணினால் எஸ்கியூஎல்7008 என்ற பிழைச் செய்தி வந்து நிற்கும். உடனே கமிட்டை அணைத்துவிடுவது வழக்கம். செய்ய வேண்டியது ஜர்னலைப் போடுவது. எஸ்கியூஎல்லில் ஸ்கீமா கிரியேட் பண்ணினால் லைப்ரரியோடு ஜர்னலும் ரிசீவரும் (ஜர்னலின் பதிவுகள் சேரும் இடம்) சேர்ந்தே வரும், டேபிள்களும் தானாக ஜர்னலில் ஏறும். சின்ன அமைப்புக்கு அதுவே போதும். ரிசீவர்கள் பெரிதாக வளரும் இடத்தில் ஜர்னலுக்கும் ரிசீவருக்கும் தனி லைப்ரரி நல்லது. ஆனால் அதன் பெயர் # குறியில் தொடங்கட்டும். முழு ரீஸ்டோரில் லைப்ரரிகள் அகரவரிசையில் வரும், # எழுத்துகளுக்கு முன்னால் நிற்கும். ஜர்னல் வருமுன் ஃபைல் வந்துவிட்டால் அது ஜர்னல் இல்லாமலே கிடக்கும். திரும்ப ஸ்டார்ட் ஜர்னல் கொடுக்கும்வரை எந்த மாற்றமும் பதிவாகாது.

டிடிஎஸ் (ஃபைலின் அமைப்பை எழுதும் பழைய முறை) பிசிக்கல் ஃபைலின் டிஃபால்ட் அளவு 10,000 ரெக்கார்ட், பிறகு ஆயிரம் ஆயிரமாக மூன்று முறை. 13,000 தாண்டினால் ஜாப் மெசேஜ் போட்டுவிட்டு ஆபரேட்டர் பதிலுக்காகக் காத்திருக்கும். அளவுக்கு நோமேக்ஸ் (வரம்பு இல்லை) கொடுங்கள். டெலீட் ஆன ரெக்கார்ட் இடத்தை மறுபடி பயன்படுத்தும் ரீயூஸ் டெலீட்டட் ஆப்ஷனும் டிஃபால்ட்டாக "இல்லை"தான். ஆனால் வந்த வரிசையில் படிக்கும் பழைய புரோகிராம்கள் இருந்தால் அவற்றைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். எஸ்கியூஎல் டேபிளுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

தனி ஏஎஸ்பி வேண்டுமா? முன்பு ரிசீவர்களைத் தனி டிஸ்க்குகளில் வைப்பதால் வேகத்தில் லாபம் இருந்தது. எஸ்எஸ்டி காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது வீண் வேலை, டிஸ்க் இடமும் துண்டு துண்டாகப் போகும். சாதாரண யூசர் ஏஎஸ்பி (நாமே தனியாகப் பிரித்து அமைத்தது) நிரம்பினால் சிஸ்டம் ஏஎஸ்பிக்குள் வழியும். அது எந்த ஆப்ஜெக்ட் என்று தேடி எடுப்பது தனி வேலை. ஐஏஎஸ்பி (தனியாக இணைக்கவும் பிரிக்கவும் முடிகிற ஏஎஸ்பி) வேறு கதை: பவர்ஹெச்ஏ (மெஷின் நின்றால் இன்னொன்றில் தொடர உதவும் ஐபிஎம் மென்பொருள்) வைத்து டேட்டாவை இன்னொரு மெஷினுக்கு மாற்றும் திட்டம் இருந்தால் மட்டும் போங்கள். யூசர் புரொஃபைல்கள் அதற்குள் போகாது, சிஸ்பேஸில்தான் (சிஸ்டம் ஏஎஸ்பியும் சாதாரண யூசர் ஏஎஸ்பிகளும் சேர்ந்த பகுதி) இருக்கும். ஒரே கமிட்டில் ஐஏஎஸ்பி ஃபைலையும் சிஸ்பேஸ் ஃபைலையும் சேர்த்து எழுத முடியாது. அதனால் டிரான்ஸாக்‌ஷன் ஃபைலை மட்டும் நகர்த்திவிட்டு, கூடவே அப்டேட் ஆகும் மாஸ்டர் ஃபைலைப் பழைய இடத்தில் விட்டால் அப்ளிகேஷன் முதல் நாளே நிற்கும்.