‘ப, இக், க, இம்’

நேற்றைக்கும் ஆசிரியர் பயிற்சி. காலை ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முக்கால் மணி நேரம் நின்று, வந்த பஸ்ஸில் தொற்றி, நடுவில் இன்னொரு பஸ் மாறி, பயிற்சி நடக்கும் வட்டார வள மையத்துக்குள் நுழையும்போது மணி ஒன்பது நாற்பது. “என்ன டீச்சர், இன்னிக்கும் லேட்டா?” என்றார் வருகைப் பதிவேட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தவர். அவர் வீடு மையத்துக்குப் பின்தெரு. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷமாகச் சிரித்ததற்கெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஊர் ஒன்றில், ஈராசிரியர் பள்ளி. நானும் பெரிய டீச்சரும். தலைமையாசிரியரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஐந்து வகுப்பு, 38 பிள்ளைகள், இரண்டு அறை. நான் பயிற்சிக்குப் போனால் 38 பேரும் பெரிய டீச்சர் தலையில். அவர் கூட்டத்துக்குப் போனால் என் தலையில். அன்றைக்குப் பாடமெல்லாம் நடக்காது. பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாலே பெரிய காரியம். நன்றாகப் பாடம் நடத்துவது எப்படி என்று நான் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் என் வகுப்பில் பாடம் கிடையாது. இதைச் சொன்னால், “மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்” என்பார்கள். மாற்றுக்கு ஆள் எங்கே? சத்துணவு அக்காவைத்தான் கூப்பிட வேண்டும்.

பயிற்சியே வேண்டாம் என்கிறவள் இல்லை நான். 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்த சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். பிள்ளை தானாகப் படிக்கும் அட்டையும், அதற்கு வரிசை காட்டும் ஏணிப் படமும் புரியாமல் முழித்தபோது பயிற்சிதான் கைகொடுத்தது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து எழுத்தே மறந்துபோன பிள்ளைகள், 2025க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் எழுதப் படிக்க வந்துவிட வேண்டும் என்று இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்த்துப் பிரித்தது எனக்குப் பிடித்தது, இன்றைக்கும் பிடிக்கும். கையேடும் மோசமில்லை. என் சண்டை அதோடு இல்லை, அதை எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் விதத்தோடு.

பயிற்சி நடத்துகிறவருக்குக் கருத்தாளர் என்று பெயர். மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்வார். அவர் வட்டாரக் கருத்தாளருக்குச் சொல்வார். வட்டாரக் கருத்தாளர் எங்களுக்கு. எங்கள் கரையிலிருந்து மதுரைக்குப் போகும் மீனுக்குக்கூட, கை மாறும் இடத்திலெல்லாம் ஐஸ் போடுவார்கள். இதற்கு அதுவும் இல்லை. மேலே மூன்று நாள் நடந்தது கீழே ஒன்றரை நாளாகி, அதிலும் அரை நாள் வரவேற்பு, முன்தேர்வு, கைதட்டல் விளையாட்டு. மழை பெய்கிற மாதிரி விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், அப்புறம் இடி. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும் ஒரு சார் நேற்று எழுந்து நின்று இடி இடித்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. அப்புறம் குழுவாகப் பிரிந்து சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, பிடித்துக்கொண்டு நின்று போட்டோ. அந்தப் போட்டோ வாட்ஸ்அப் குழுவில் ஏறினால்தான் அமர்வு முடிந்ததாகக் கணக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், மீன் பிடிக்கப் போகிறவர். பையனுக்கு எழுத்தெல்லாம் தெரியும். க, ங, ச சொல்வான், புள்ளி வைத்த எழுத்தும் சொல்வான். ‘பக்கம்’ என்று எழுதிப் படிக்கச் சொன்னால் விரலை வைத்து, “ப... இக்... க... இம்” என்பான். “சேர்த்துச் சொல்லுடா” என்றால் “பஇக்கஇம்”. அது என்ன வார்த்தை என்று அவனே என் முகத்தைப் பார்ப்பான். ‘அம்மா’வைப் பார்த்த உடனே சொல்லிவிடுவான், ஏனென்றால் அது மனப்பாடம். புது வார்த்தை என்றால் முழித்தான்.

இவனை வைத்து நான் மூன்று பயிற்சியில் கேட்டேன். முதல் தடவை, “அது அடுத்த அமர்வில் வரும் டீச்சர்.” அடுத்த அமர்வில் கணக்கு வந்தது. இரண்டாம் தடவை, “மெல்லக் கற்கும் மாணவர்களுக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள்.” கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறேன், அந்தக் கவனத்தை வைத்து என்ன செய்வது என்றுதானே கேட்கிறேன்? மூன்றாம் தடவை கருத்தாளர் திரையைத் திரும்பிப் பார்த்தார். வெயில் அடிக்கும் சுவரில் விழுந்த அந்தப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. “ஸ்லைடில் இருக்கிறதை முதலில் முடிச்சிருவோம்” என்றார். அவர் மேல் கோபப்பட்டு என்ன, அவரும் என்னைப் போல ஓர் ஆசிரியர்தான். முந்தின வாரம் அவருக்கு யாரோ காட்டிய ஸ்லைடை எங்களுக்குக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

பதில் எங்கே கிடைத்தது தெரியுமா? ஒரு மழை நாளில், வட்டார வள மையத்திலிருந்து ஓர் ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிப் பார்வைக்கு வந்தார். திரும்பிப் போக பஸ் இல்லை. செயலியில் நிரப்ப வேண்டியதை நிரப்பிவிட்டுச் சும்மா இருக்கப் பிடிக்காமல், என் வகுப்பில் தரையில் உட்கார்ந்து பையனைப் படிக்கச் சொன்னார். இரண்டு வார்த்தை கேட்டார். என்னைப் பார்த்து, “டீச்சர், மெய்யெழுத்தை இக், இங், இச்சுன்னு தனியா சொல்லிக் கொடுத்திருக்கோம். அவன் அந்தப் பேரையே சத்தமா வாசிக்கிறான். பாவம், நாம சொன்னதைத்தான் செய்றான்” என்றார். கரும்பலகையில் புள்ளி எழுத்தை முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்த்து வட்டம் போட்டார். பக், கம். பட், டம். கப், பல். ‘இக்’ என்ற சத்தமே வராமல், இரண்டு எழுத்தும் ஒரே மூச்சில். இருபது நிமிஷம் இருக்கும். பையன் ‘வட்டம்’ படித்தான், ‘கப்பல்’ படித்தான், ‘நண்டு’ என்று எழுதிக் காட்டியதும் எல்லோரும் சிரிக்க, அதையும் படித்தான்.

பதினெட்டு வருஷம் சர்வீஸ் எனக்கு. இது எனக்குத் தெரியாமல் போனதில் வெட்கமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிட அதிகம். மூன்று பயிற்சி, ஆறு பஸ் பயணம், எத்தனையோ பின்னூட்டப் படிவம் தராத ஒன்றை ஒரு மனுஷன் பஸ் வராததால் தந்துவிட்டுப் போனார்!

அவர் மறுபடி வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆசிரியர் பயிற்றுநர் என்று பெயரே வைத்திருக்கிறார்கள், ஆனால் அவருக்கு எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு சரிபார்ப்பு, பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு, ஏதாவது விழா என்றால் அதற்கு ஏற்பாடு. வகுப்பறைக்கு வந்தாலும் கையில் போன், கேள்விக்கு ஆம், இல்லை என்று அழுத்துவார், இடம் பதிவாகும், கிளம்பிவிடுவார். கரும்பலகையில் தேதி இருக்கிறதா? இருக்கிறது. கற்றல் உபகரணம் இருக்கிறதா? இருக்கிறது. பிள்ளை படிக்கிறானா என்ற கேள்விக்கு மட்டும் நேரம் இருக்காது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாது என்கிறது. எங்களுக்குத் துணை நிற்க வேண்டியவரை எதற்கெல்லாம் இழுக்கக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

இதில் 2024இல் பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசுப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தச் சண்டையில், பள்ளிக் கல்விக்கு வர வேண்டிய சமக்ர சிக்‌ஷா பணத்தை டெல்லி நிறுத்தி வைத்தது. நியாயம் யார் பக்கம் என்று டீவியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்குப் பயிற்சி, பார்வை எல்லாம் அந்தப் பணத் தலைப்பில்தான் நடக்கிறது. அதற்கு மேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல். எல்லோருக்கும் ஒரே பயிற்சி. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் பறிப்பில் வகுப்பு காலியாகும். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. கேரளத்தில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் சில அப்பாக்கள் அந்தப் பக்கம் போவார்கள், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு. பள்ளி திறந்து மூன்று வாரம் கழித்து வந்து நிற்கும் பிள்ளையை எங்கிருந்து தொடங்குவது? தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்தில் வேலை பார்க்கும் எல்லா டீச்சருக்கும் இருக்கிற கேள்வி இது. நாங்கள் பத்துப் பேர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பேசினாலே பாதிக்கு வழி கிடைக்கும். பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் அதற்குத்தானே இருக்கிறது? அங்கேயும் ஸ்லைடு போடுகிறார்கள்.

போன வருஷம் வெளி மாவட்டத்திலிருந்து ஒரு சின்னப் பெண் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு வந்தாள். நல்ல கெட்டிக்காரி. எல்லாப் பயிற்சிக்கும் அவளைத்தான் அனுப்பினார்கள். மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊருக்குப் போய்விட்டாள், கற்றதெல்லாம் அவளோடு போய்விட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், உப்புத் தண்ணீரும் கடைசி பஸ்ஸும் எத்தனை நாளைக்கு?

மாதத்துக்கு அரை நாள். பாடம் தெரிந்த ஒருவர், போனைப் பைக்குள் வைத்துவிட்டு என் வகுப்பில் உட்கார வேண்டும். நான் நடத்துவதைப் பார்க்கட்டும், அவர் நடத்துவதை நான் பார்க்கிறேன். அடுத்த மாதமும் அதே ஆள் வரட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப் அடித்தது. “நேற்றைய பயிற்சிக்கான பின்னூட்டப் படிவம் நிரப்பாத 7 ஆசிரியர்கள் உடனே நிரப்பவும். அவசரம்.” திறந்தேன். பயிற்சி எவ்வாறு இருந்தது? மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று. மூன்றே கட்டம்.

‘நன்று’ போட்டு அனுப்பிவிட்டேன்.