ஆமாம், சாப்பாட்டுக்குக் காசு வாங்குகிறேன்

முந்தாநாள் என் பதிவின் கீழே வந்த அந்தக் கமெண்ட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "வயசானவங்க சோத்துல வியாபாரம் பண்றாங்க" என்று எழுதியவர் எனக்கு மாமா முறை. அதற்கு லைக் போட்டவர்களில் நாலைந்து பேர் என் வீட்டில் கை நனைத்தவர்கள். நீக்கிவிடு என்கிறார்கள் தோழிகள். நீக்கப் போவதில்லை.

ஆமாம், காசு வாங்குகிறேன். மதியச் சாப்பாடு 110 ரூபாய். கோவை வடவள்ளிப் பக்கம் வயதானவர்கள் இருக்கும் 34 வீடுகளுக்குப் போகிறது. சாதம் இரண்டு விசில் கூடுதலாகக் குழைய வேண்டும். பல்செட் வைத்தவர்களுக்குக் கத்தரி விதைகூட அடியில் புகுந்து உறுத்தும். முருங்கைக்காயைச் சதை வழித்துத்தான் சாம்பாரில் போடுகிறோம். ஏழு பேருக்கு உப்புக் குறைத்துத் தனிக் குழம்பு. கேரியரைக் கேட்டில் மாட்டிவிட்டு வரக் கூடாது, முகம் பார்த்துக் கையில் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

என் அப்பாவைப் பற்றி இங்கே எழுதியதில்லை. அம்மா போன பிறகு உடுமலையில் தனியாக இருந்தார். நான் பெங்களூரில் வேலையில் இருந்தேன். தினமும் ராத்திரி போன் செய்து "சாப்டீங்களாப்பா?" என்பேன். "ஆச்சு சாமி" என்பார். நாலு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அடுக்களையில் பிரட் கவர்களும் பால் பாக்கெட்டும்தான் கிடந்தன. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சமைக்க ஆள் வைக்கிறேன் என்றேன். "மக இருந்தும் காசு குடுத்துச் சோறு திங்கறான்னு ஊர்ல பேசுவாங்க" என்றார். சரி, இப்போது முந்தாநாள் கமெண்ட்டை இன்னொரு முறை படியுங்கள். அப்பா பயந்தது அந்தப் பேச்சுக்குத்தான்.

பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறீர்கள். எந்தப் பிள்ளைகள்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பெண்ணும் கட்டிக்கொண்டால் அந்த இரண்டு பேர் தலையில் நாலு பெரியவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது தாண்டியவர்கள். மத்திய அரசின் கணிப்புப்படி 2031இல் 18 பேர். பிள்ளைகள் என்று நீங்கள் சொல்வது மருமகளை. அவள் வேலையை விட்டுவிட்டு வந்து உலை வைக்க வேண்டும், அப்போது அது பாசம். நான் அதே உலையை வைத்தால் வியாபாரமா?

கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் எத்தனை வந்துவிட்டன! அங்கே லட்சக்கணக்கில் கொடுத்து வீடு வாங்கினால் வாழ்த்துச் சொல்கிறீர்கள். 110 ரூபாய்ச் சோறுதான் உங்கள் கண்ணை உறுத்துகிறது.

காசு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். என் சாப்பாடு மாதம் 3,300. மூன்று வீடுகளுக்குப் பாதி விலையில் கொடுக்கிறேன். அது போதாது, தெரியும். அரசு செய்ய வேண்டும், கேட்போம், நானும் வருகிறேன். அதற்காக 34 வீட்டுக்குச் சமைக்கிற அடுப்பையும் அணைக்கச் சொல்லாதீர்கள்.

என்னிடம் சமைக்கும் அக்காவின் அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார். அக்கா சாயங்காலம் ஒரு கேரியர் எடுத்துப் போவார். அவருக்கும் இந்தக் கமெண்ட்டை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். நேற்று முழுக்கப் பேசவே இல்லை. என்னைச் சொன்னதைத் தாங்கிக்கொள்வேன் மாமா, அவரை ஏன்?

உங்கள் அம்மாவோடு உட்கார்ந்து நீங்கள் கடைசியாகச் சாப்பிட்டது என்றைக்கு? எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன்.

எங்கள் பட்டியலில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், 81 வயது. ஒன்றாம் தேதி கவரில் பணம் வைத்துத் தருவார். ஒரு மாதம் வேண்டாம் என்றேன். கோபம் வந்துவிட்டது. "காசு குடுத்தாத்தான் அம்மிணி, உப்பு ஜாஸ்தின்னு நான் சத்தம் போட முடியும்" என்றார். நேற்று ரசத்தில் புளி தூக்கல் என்று போன் செய்தார். இன்றைக்குக் குறைத்திருக்கிறேன்.