ஆண்மைக்கு வந்த குறைவு

சென்னையில் பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் ஏறுகிறவர்கள் அந்தச் சின்ன நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். ‘ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா? உடனே அழைக்கவும்.’ பாதி கிழிந்திருக்கும், ஆனால் செல்போன் எண் மட்டும் பத்திரமாக இருக்கும். ஆண்மை என்ற சொல்லுக்கு இன்று நம் ஊரில் மிஞ்சியிருக்கும் பொருள் ஏறக்குறைய அவ்வளவுதான். எனக்கு அதில்தான் வயிற்றெரிச்சல்.

ஆண் + மை என்று பிரித்துவிட்டு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆள் + மை என்று பிரித்தாலும் ஆண்மைதான் வரும். ஆளும் தன்மை. மேலாண்மை, தாளாண்மை எல்லாவற்றிலும் உட்கார்ந்திருப்பது இந்த ஆளுதல்தான். பேரிடர் மேலாண்மை என்று சொல்லும்போது யாருக்கும் மீசை நினைவுக்கு வருவதில்லையே!

வள்ளுவர் இந்தச் சொல்லை எங்கெல்லாம் வைக்கிறார் பாருங்கள். ‘பிறன்மனை நோக்காத பேராண்மை’ என்கிறார். அடுத்தவன் மனைவியைப் பார்க்காமல் இருப்பது சாதாரண ஆண்மைகூட இல்லை, பேராண்மை! படைச்செருக்கு அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பகைவனை அஞ்சாமல் எதிர்ப்பது பேராண்மை. அதே பகைவனுக்கு ஒரு கஷ்டம் வந்தால் கை கொடுப்பது அந்த வீரத்தின் கூர்மை என்கிறார். ‘நல்லாண்மை’ எது என்றால், பிறந்த குடியைப் பொறுப்பெடுத்து நடத்துவது. மூன்று இடத்திலும் படுக்கையறைச் சாதனை எதுவும் இல்லை. முதலில் சொன்ன குறளில் இருப்பது அடக்கம்தான்.

சரி, அந்தக் காலத்தில் இந்தச் சொல் ரொம்ப யோக்கியமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. பெருமையும் உரனும் (மன வலிமையும்) ஆணுக்கு. அச்சம், நாணம், மடம் பெண்ணுக்கு என்று தொல்காப்பியமே பங்கு பிரித்துவிட்டது. அதனால்தான் பெரியார், பெண் விடுதலை வேண்டுமென்றால் ‘ஆண்மை’ என்பதே அழிய வேண்டும் என்று எழுதினார். வீரத்துக்கும் துணிவுக்கும் ஆண்மை என்று பெயர் வைத்தால், பெண்ணுக்கு அவை இல்லை என்று ஆகிவிடுகிறதே என்பது அவர் கோபம். எனக்கு அதில் மறுப்பில்லை.

ஆண்மைக்குப் பங்காளி ஒருவன் இருக்கிறான்: வீரியம். வடமொழி வீரனிலிருந்து வந்தவன். லத்தீனில் ஆணைக் குறிக்கும் ‘விர்’ இதற்கு ஒன்றுவிட்ட உறவு என்கிறார்கள் மொழியியலார். ஆனால் தமிழில் இவன் எங்கெங்கோ சுற்றிவிட்டான். விதைக்கு வீரியம், மருந்துக்கு வீரியம், கொரோனா வந்தபோது வைரஸுக்கும் வீரியம். நம் வீட்டுப் பாட்டிகள் ‘காரியம் பெரிதா, வீரியம் பெரிதா’ என்று கேட்டு இதை வெறும் வீம்பாக்கி மூலையில் உட்கார வைத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

நோட்டீஸ்காரர்களுக்கு இந்த வரலாறெல்லாம் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது வெட்கப்படும் ஒரு பையன். விந்து போனால் உயிரே போகும் என்று பயமுறுத்தி, லாட்ஜ் அறைக்கு வரவழைத்து, லேகியத்தைத் தலையில் கட்டி அனுப்புவார்கள். இப்படி விளம்பரம் செய்வதே குற்றம் என்று 1954-லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் வரை சிறை. ரயிலுக்குள் ஒட்டுகிறவருக்கு அந்தப் பயம் இருப்பதாகத் தெரியவில்லை.

இதில் ஆபத்தான பகுதி ஒன்று உண்டு. விறைப்புக் கோளாறு சில பேருக்குச் சர்க்கரை நோயின் அடையாளமாக இருக்கும். சில பேருக்கு இதய ரத்தக் குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கும். அதை லேகியத்தால் மூடி மறைத்தால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். அதே மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே அரசு பொது மருத்துவமனை. ஓபி சீட்டு வாங்கி சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுக்குப் போகலாம், காசு கேட்க மாட்டார்கள். வரிசைதான் கொஞ்சம் நீளம்.