பஞ்சாயத்துத் தாள் விவாகரத்து ஆகாது

வடசென்னையில் காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை எங்கள் பகுதிகளில் கணவனும் மனைவியும் பிரிவதென்றால், இன்றும் பல குடும்பங்கள் முதலில் நாடுவது வழக்கறிஞரை அன்று. ஏரியாப் பெரியவரும் இரு வீட்டு உறவினரும் கூடி உட்காரும் பஞ்சாயத்தைத்தான். நகையைத் திருப்பித் தருகிறார்கள், ஒரு தொகை பேசுகிறார்கள், இனி எங்களுக்குள் எந்த உறவும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் நோட்டரி முத்திரையும் விழுந்துவிட்டால் விவாகரத்தே முடிந்துவிட்டதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது. அதனால் பெரிதும் இழப்பவர்கள் பெண்கள்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து வழங்க வேண்டியது நீதிமன்றம். குலவழக்கப்படியான முறிவை அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு ஏற்கிறது என்பது உண்மையே. ஆனால் அப்படியொரு வழக்கம் தம் சமூகத்தில் நெடுங்காலமாக நிலவுவதை, அதைச் சொல்கிறவரே சான்றுகளோடு மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க முடியாவிட்டால், அந்தத் தாளை நம்பிச் செய்துகொண்ட இரண்டாம் திருமணம் செல்லாது. அதில் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் காப்பாற்றுகிறது. அந்தப் பெண்ணுக்கோ மனைவி என்ற நிலையே கேள்விக்குரியதாகிவிடுகிறது.

இதைவிடக் கொடியது ஜீவனாம்சத்தில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. இருவரும் மனமொத்துத் தனித்தனியே வாழ்ந்தால் மனைவிக்கு அதன்கீழ் தொகை கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் முறைப்படி விவாகரத்து பெற்று, மறுமணம் செய்யாமல், தன்னைக் காத்துக்கொள்ள வழியற்றிருக்கும் பெண் அதே பிரிவின்கீழ் கேட்கலாம். ஆக, பஞ்சாயத்துத் தாள் அவளுக்கு விடுதலையையும் தருவதில்லை. நாளை அவள் சோற்றுக்குக் கேட்கும்போது, நீயே சம்மதித்துத்தானே பிரிந்தாய் என்று எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும் ஆவணமாகவும் அது மாறுகிறது. எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள்?

கோர்ட்டுக்குப் போனால் இழுத்தடிப்பார்கள் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. மீன் விற்றும் மூட்டை தூக்கியும் பிழைப்பவர்களுக்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் கூலி. ஆயினும் இருவரும் உடன்படும்போது இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு இருக்கிறது: ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம்; அடுத்த ஆறு மாதக் காத்திருப்பையும் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். பத்துப் பேர் சூழ்ந்து நின்று கையெழுத்து வாங்கும் இடத்தில் ஒரு பெண்ணுக்கு அந்த அவகாசம் ஏது? (கிறித்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் சட்டங்கள் வேறு, அவர்களும் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்பது நல்லது.)

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதற்கும் வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். குடும்ப நல நீதிமன்றமும் தொலைவில் இல்லை, பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.

பஞ்சாயத்தில் உட்காரும் பெரியவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பேசித் தீர்க்க உதவுங்கள், நகையையும் சீரையும் திருப்பி வாங்கிக் கொடுங்கள், ஆனால் அடி வாங்கி வந்தவளைச் சேர்ந்து வாழச் சொல்லி நெருக்காதீர்கள். பேசி முடித்த தொகையையும் பிள்ளைகள் யாரிடம் வளர்வார்கள் என்பதையும் முத்திரைத்தாளோடு நிறுத்தாமல், நீதிமன்ற மனுவில் எழுதச் சொல்லி இருவரையும் அனுப்பிவையுங்கள்.