மைக்கைத் தொட்டால் தகர டப்பா: ஒரு லினக்ஸ் புளூடூத் குமுறல்

லினக்ஸில் புளூடூத் ஹெட்செட் ஒழுங்காகக் கேட்கவில்லை என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "பல்ஸ்ஆடியோவத் தூக்கிட்டு மறுபடி போடுங்க" என்று ஒரு கூட்டம் ஓடி வந்துவிடுகிறது. பல்ஸ்ஆடியோ என்பது லினக்ஸில் சத்தத்தைக் கையாண்டுவந்த பழைய மென்பொருள். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் ஐயா? லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா 2021லேயே, 34ஆம் பதிப்பில், பைப்வயர் என்ற புதிய ஒலி மென்பொருளுக்கு மாறியாகிவிட்டது. இன்னொரு வகையான உபுண்டு, 22.10ஆம் பதிப்பில் மாறியது. இன்றைக்குப் பல மெஷின்களில் பல்ஸ்ஆடியோ என்ற பெயரில் பதில் சொல்வதே பைப்வயரின் ஒரு பகுதிதான். அதன் மேல் பழையதையும் இழுத்து வந்து ஏற்றினால் இரண்டும் ஒரே ஹெட்செட்டுக்கு அடித்துக்கொள்ளும், இருந்த சத்தமும் போகும். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதை.

இங்கே சிங்கப்பூரில் பலருக்கு வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை. அடுத்த அறையில் பிள்ளைக்கு ஜூமில் டியூஷன். ஹெட்செட் இல்லாமல் முடியாது. அந்த ஹெட்செட்டில் பாட்டு போட்டால் தேனாக இருக்கும், மீட்டிங்கில் நுழைந்த மறுநொடி தகர டப்பா. உடனே "லினக்ஸே இப்படித்தான், விண்டோஸ் வாங்கு" என்று ஓர் அறிவுரை. விண்டோஸிலும் இதே கதைதான். அங்கேயும் பல வருஷமாக ஒரே ஹெட்செட் 'ஸ்டீரியோ', 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' என்று இரண்டு பெயரில் தலைகாட்டிக்கொண்டு இருந்தது.

வினை புளூடூத்தின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. பாட்டுக்கு ஒரு ப்ரொஃபைல், அதாவது இணைப்பு முறை: ஏ2டிபி. ஸ்டீரியோ, எஸ்பிசி கோடெக்கிலேயே (கோடெக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) நொடிக்கு 328 கிலோபிட் வரை போகும். ஆனால் ஒருவழிப் பாதை, மைக்குக்கு அதில் இடமில்லை. பேசுவதற்கு இன்னொரு ப்ரொஃபைல், எச்எஃப்பி. இருவழிதான், ஆனால் மோனோ. சிவிஎஸ்டி கோடெக் என்றால் 8 கிலோஹெர்ட்ஸ், அதாவது பழைய வீட்டுத் தொலைபேசித் தரம். எம்எஸ்பிசி கிடைத்தால் 16. இரண்டு ப்ரொஃபைலும் ஒரே நேரத்தில் ஓடாது. பெட்டியில் 'ஹை-ரெஸ்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், மைக் திறந்தால் என்ன ஆகும் என்று பொடி எழுத்தில்கூடப் போடுவதில்லை!

சரி, யார் மாற்றிவிடுகிறார்கள்? வயர்பிளம்பர், பைப்வயருக்கு எதை எங்கே இணைப்பது என்று சொல்லும் மேலாளர். ஏதாவது ஒரு செயலி மைக்கைக் கேட்டால், அதுவாகவே ஹெட்செட்டை எச்எஃப்பிக்குத் தள்ளிவிடும். மீட்டிங்கில் மியூட் அழுத்தினாலும் பெரும்பாலும் பயனில்லை. மியூட் உங்கள் குரலைத்தான் மறைக்கும், பிரவுசர் மைக்கின் பிடியை விடாது. டேபை மூடினால்தான் பாட்டு பழைய நிலைக்கு வரும்.

இதற்கு வைத்தியம் இரண்டே நிமிடம். மீட்டிங் செயலியில் மைக் 'டீஃபால்ட்' என்று இருக்கும். அதை மாற்றி, மடிக்கணினியின் சொந்த மைக்கையோ வெப்கேம் மைக்கையோ பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கர் மட்டும் ஹெட்செட்டாக இருக்கட்டும். ஏ2டிபி அசையாது. எதிரே இருப்பவருக்கும் உங்கள் குரல் பெரும்பாலும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். அப்படியும் தானாகத் தாவினால், வயர்பிளம்பர் 0.5இல் 'புளூடூத் டாட் ஆட்டோஸ்விட்ச்-டு-ஹெட்செட்-ப்ரொஃபைல்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். அதன் பிறகு ஹெட்செட் மைக் வேண்டுமென்றால் பேவுகன்ட்ரோல் என்ற ஒலி அமைப்புச் செயலியின் 'கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் கையால்தான் மாற்ற வேண்டும். ஏ2டிபியா, எச்எஃப்பியா, எந்தக் கோடெக் என்பதெல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை ஒரு முறைகூடத் திறக்காமல் சிஸ்டத்தையே ஃபார்மட் செய்கிறவர்களை என்ன சொல்வது?

இதிலும் ஒரு கடுப்பு. 2024இல் வந்த வயர்பிளம்பர் 0.5, லூவா என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய அமைப்புக் கோப்புகளைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. தேடினால் முதலில் கிடைப்பதோ லூவா கோப்பு எழுதச் சொல்லும் குறிப்புகள். உபுண்டு 24.04இல் இருப்பது 0.4, அங்கே அவை செல்லும். 0.5 உள்ள டெபியன் 13இல் செல்லாது. பதிப்பு எண்ணைப் பார்க்காமல் நகலெடுத்து ஒட்டினால் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தி என்று முகத்துக்கு முன் எதுவும் வந்து நிற்கவும் நிற்காது.

ஹெட்செட் இணையவே மறுத்து, 'ப்ரொஃபைல்-அன்அவைலபிள்' என்று முடியும் பிழை வருகிறதா? அது வேறு நோய். டெபியன், உபுண்டு வகைகளில் 'லிப்ஸ்பா-0.2-புளூடூத்' பொதி இல்லாமல் பைப்வயருக்குப் புளூடூத் தெரியாது. அதை நிறுவி, பழைய பல்ஸ்ஆடியோ புளூடூத் மாட்யூல் கிடந்தால் நீக்கி, லாக்அவுட் செய்து வாருங்கள். புளூடூத்தே காணோம் என்றால் டெர்மினலில் முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்', அப்புறம் 'டிமெஸ்ஜி' (dmesg) கட்டளை. ஃபர்ம்வேர் கோப்பு (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள்) கிடைக்கவில்லை என்று லினக்ஸின் கருவான கர்னல் அங்கே கத்திக்கொண்டிருக்கும். ரியல்டெக் 8761பி சிப் உள்ள மலிவு யூஎஸ்பி புளூடூத் டாங்கிள்களில் இது சகஜம். 0ஏ12:0001 என்ற யூஎஸ்பி அடையாள எண்ணோடு வரும் டாங்கிள்களில் போலிச் சிப்கள் ஏராளம். அவற்றைச் சமாளிக்கவென்றே கர்னலில் தனியாக நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள், அந்தப் புண்ணியவான்கள்.

சத்தம் விட்டு விட்டு வந்தால் மென்பொருளைத் தொடாதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் இருந்துகொண்டு வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள்: மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என்று எல்லா ரௌட்டரும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். புளூடூத்தும் அங்கேதான் ஓட வேண்டும். போதாக்குறைக்கு மடிக்கணினியில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டை, ஆன்டெனாவும் பல நேரம் பொது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். டாங்கிளை யூஎஸ்பி 3 போர்ட்டில், அதுவும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யூஎஸ்பி 3இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது என்று இன்டெல் 2012லேயே எழுதி வைத்துவிட்டது. ஓரடி நீள எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள், பாதித் தலைவலி போய்விடும். ஹெட்செட்டோடு பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டிலேயே இருக்கும் கான்கிரீட் பாதுகாப்பு அறைக்குள், போய்க் கதவைச் சாத்திக்கொண்டு "கட் ஆகுது" என்றால், அந்தக் கான்கிரீட்டுக்குப் பைப்வயர் என்ன செய்யும்?

புதிதாக வாங்கப் போகிறவர்கள், நாள் முழுக்க மீட்டிங் என்றால், சொந்த யூஎஸ்பி ரிசீவரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டைப் பாருங்கள். லினக்ஸ் அதைச் சாதாரண யூஎஸ்பி சவுண்ட் கார்டாகத்தான் பார்க்கும். ப்ரொஃபைல் தாவும் தொல்லையே இல்லை.

கடைசியாக, ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் நல்லவர்களுக்கு. விண்டோஸில் பேர் செய்ததும் லினக்ஸில் ஹெட்செட் இணையாமல் போவது பேய் வேலை இல்லை. இரண்டுக்கும் புளூடூத் முகவரி ஒன்றே என்பதால், பேர் செய்யும்போது உருவாகும் இணைப்புச் சாவி புதிதாக வந்ததும் ஹெட்செட் பழைய சாவியை மறந்துவிடுகிறது. லினக்ஸில் நீக்கிவிட்டு மறுபடி பேர் செய்தால் விண்டோஸில் போய்விடும், அங்கே செய்தால் இங்கே போய்விடும், பழைய குருடி கதவைத் திறடி. விண்டோஸில் கடைசியாகப் பேர் செய்து, ரிஜிஸ்ட்ரியில் இருக்கும் அந்தச் சாவியை எடுத்து, லினக்ஸில் '/var/lib/bluetooth' அடைவுக்குள் ஹெட்செட்டின் 'இன்ஃபோ' கோப்பில் 'லிங்க்கீ' பகுதியில் போட்டு, புளூடூத் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.