எந்தத் தாய்மரத்துக் கன்று?

நாட்டு மரம் பற்றிய பேச்சு இப்போது எல்லா இடத்திலும் அடிபடுகிறது. சந்தோஷம்தான். குல்மொஹரையும் தூங்குமூஞ்சியையும் வரிசையாக நட்டுவிட்டு ஊரைப் பசுமையாக்கிவிட்டதாக நினைத்த காலம் ஒன்று இருந்தது. ஆனாலும் கடற்கரைப் பக்கத்துத் தாவரவியல் பூங்கா ஒன்றில், நம் மண்ணின் செடிகொடிகளைக் காப்பாற்றும் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் எத்தனை கன்று இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். எந்த மரத்து விதையிலிருந்து வந்த கன்று என்று கேட்பவரை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான்.

மே மாதம் பிறந்தால் போதும், ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளுக்காக அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "நாட்டு மரம் பத்தாயிரம் வேணும் சார். ஆளுயரம் இருந்தா போட்டோவுல நல்லா இருக்கும்." கத்திரி வெயில் அப்போதுதான் முடிந்திருக்கும், இந்தக் கடற்கரைக்கு மழை ஐப்பசியில்தான் வரும், அதுவரை யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்டால் மறுமுனையில் ஒரு சின்ன அமைதி. அப்புறம், "பாத்துக்கலாம் சார்." ஆளுயரக் கன்று என்பதும் சிக்கல்தான். பையிலேயே அத்தனை உயரம் வளர்ந்ததன் வேர், அடியில் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருளிலிருந்து அது எளிதில் மீளாது. முழங்கால் உயரக் கன்றே மேல். ஆனால் அது போட்டோவில் தெரியாது.

சரி, எங்கள் காட்டைப் பற்றிச் சொல்கிறேன். சோழமண்டலக் கடற்கரையின் இயற்கையான காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் 1968-இல் இதைத் தனி வகையாகவே வைத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைப் போல அண்ணாந்து பார்க்க வைக்காது. குட்டையான மரங்கள், இறுகப் பின்னிய கிளைகள், இடையில் சூரையும் களாவும் கொடிகளும். உள்ளே நுழைந்தால் சட்டையைக் கிழித்துத்தான் வெளியே அனுப்பும். ஆனால் சித்திரை வெயிலிலும் உள்ளே தரை குளிர்ந்திருக்கும். வீரை, காயா, பாலை, கருங்காலி, மகிழம், குருந்து, அழிஞ்சில் எல்லாம் இந்தக் காட்டுக்காரர்கள். கண்ணனைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுகிற நம்மில் எத்தனை பேர் அந்தக் காயா மரத்தில் கிளையெல்லாம் நீலமாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம்?

இந்தக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது துண்டு துண்டாகத்தான். கோடியக்கரைப் பக்கம் கொஞ்சம், சில காப்புக்காடுகள், மற்றபடி அய்யனார் கோயில்களைச் சுற்றியுள்ள கோயில்காடுகள். மண் குதிரைகளுக்குப் பின்னால் ஒரு குச்சி ஒடிக்கவும் ஊர்க்காரர்கள் பயந்ததால் பிழைத்தவை. அந்தப் பயம் இப்போது குறைந்துகொண்டே வருகிறது. திருப்பணி என்ற பெயரில் மண்டபம், சிமென்ட் தளம், கார் நிறுத்த இடம் என்று வரும்போது முதலில் போவது ஓரத்தில் நிற்கிற முள்ளும் புதரும்தான். எடுத்த இடத்தில் சீமைக் கருவேலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாமிக்குச் செய்கிற நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், அதனால் சண்டை போடவும் மனசு வராது.

இங்கேதான் வீரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. சிவந்த சின்னப் பழம் பெண் மரத்தில் மட்டும்தான் வரும். ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு எந்த மரம் பழுக்கும் என்று தெரியும், கன்றுக்குக் காசு கொடுக்கிறவர்களுக்குத்தான் தெரியாது. ஒரு கோயில்காட்டில் நாலைந்து வீரை நிற்கிறது என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். எல்லாமே ஆண் என்றால்? காடு பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே வீரையின் கதை அந்தத் தலைமுறையோடு சரி. நேரெதிராக, தனியாக ஒரு பெண் மரம் மட்டும் நின்று, சுற்றுவட்டாரத்தில் ஆண் மரமே இல்லை என்றாலும் அதே கதிதான்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. தென்னாப்பிரிக்காவில் ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் 1895-இல் சைக்கட் வகையைச் (பார்க்கப் பனை போலிருக்கும் பழங்காலத் தாவரங்கள்) சேர்ந்த ஒரு செடியைக் கண்டுபிடித்தார். ஒரே ஒரு கூட்டம், எல்லாத் தண்டுகளும் ஆண். 1899-இல் லண்டன் கியூ தோட்டத்துக்கு ஒரு செடி போனது. அதற்குப் பிறகு பெண் செடி எங்குமே கிடைக்கவில்லை. இன்று உலகத் தோட்டங்களில் இருப்பதெல்லாம் அந்த ஒரே கூட்டத்திலிருந்து வந்த பக்கக் கன்றுகள். உயிரோடு இருக்கிறது, ஆனால் விதை கிடையாது. அது தொலைதூரத்து அதிசயம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை எனக்கு. கோயில்காடுகளில் இதே விஷயம் சின்ன அளவில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் எங்கள் பூங்காவில் ஒவ்வொரு விதைப் பைக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்குப் பதிவேட்டில் ஒரு வரி. எந்த ஊர், எந்தக் காடு, எத்தனை தாய்மரம், என்றைக்குப் பறித்தது, யார் பறித்தது. கன்று பைக்கு மாறினாலும், நிலத்தில் நட்டாலும் அந்த எண் கூடவே போகும். லேபிள் தொலைந்த செடி எங்களைப் பொறுத்தவரை ஒரு அழகுச் செடி, அவ்வளவுதான். பறிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அன்றைக்குப் பழுத்திருக்கும் விதையில் 20 சதவீதத்துக்கு மேல் கை வைக்கக் கூடாது என்பது விதை வங்கிக்காரர்கள் பின்பற்றும் விதி. மீதி பறவைக்கும் அந்தக் காட்டுக்கும். ஒரே மரத்தில் கைக்கு எட்டியதையெல்லாம் மூட்டை கட்டிவந்து கன்றாக்கினால், பத்தாயிரம் கன்றும் ஒரு தாய் பிள்ளைகள். ஒரு நோய் வந்தால் மொத்தமும் ஒன்றாகப் படுக்கும்.

விதையைச் சேமித்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். கொன்றையை வைக்கலாம். தோல் கெட்டி. வெந்நீரில் ஊறவைத்தோ ஓரத்தைத் தேய்த்தோ எழுப்ப வேண்டும், அதுவரை வருஷக்கணக்கில் தூங்கும். நாவல் அப்படியில்லை, காய்ந்தால் செத்துப்போகும். இப்படிப்பட்ட மரங்களுக்குக் குளிர்பதன அறை உதவாது. பழம் விழுந்த சூட்டோடு சதையைக் கழுவித் தாய்ப்பாத்தியில் போட வேண்டும். உயிருள்ள மரமாகத் தோட்டத்தில் வைத்திருப்பதுதான் அவற்றுக்குச் சேமிப்பு.

எங்கள் நாற்றங்காலில் ஒரு அக்கா இருக்கிறார். பழத்தை மணலோடு சேர்த்துச் சாக்கில் தேய்த்து, தண்ணீரில் அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, மூழ்கியதிலும் நாலைந்தை எடுத்து நகத்தால் கீறிப் பார்ப்பார். "இது பொக்கு தம்பி, வண்டு தின்னுட்டுது. மரத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பொறுக்கிட்டு வா." முளைத்து இரண்டு இலை விட்டதும் இது காயா, இது பாலை என்று தூரத்தில் இருந்தே சொல்வார். நான் குனிந்து, இலையைப் புரட்டி, படத்தோடு ஒப்பிட்டு அதே முடிவுக்கு வருவதற்குள் அவர் அடுத்த பாத்திக்குப் போயிருப்பார். சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'திறன்சாராத் தொழிலாளர்.' தினக்கூலி. மழை பெய்தால் அன்றைக்குக் கூலி இல்லை. நட்டுவிழாப் பந்தலுக்கும் ஃபிளெக்ஸுக்கும் ஒரே நாளில் கரைகிற பணத்தில் இவரைப் போன்ற ஒருவருக்கு வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுக்கலாம். இதைச் சொன்னால் நிதி கொடுக்க வருபவர்கள் முகம் மாறுகிறது. கன்றுக்குக் கொடுப்போம், ஆளுக்குக் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். கன்று ஆகாயத்திலிருந்தா விழுகிறது?

தாவரவியல் பூங்காக்களைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் யானைக்குப் புல் முளைக்கவிடாமல் அடைத்துக்கொண்டு நிற்கிற உண்ணிச்செடி, 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். 1787-இல் தொடங்கிய அந்தத் தோட்டத்துக்கும், 1848-இல் உருவாகத் தொடங்கிய ஊட்டிப் பூங்காவுக்கும் வெளிநாட்டுச் செடிகளை இந்த மண்ணில் பழக்குவது ஒரு பெரிய வேலையாக இருந்தது. எங்கள் தொழில் ஊருக்குப் பட்ட கடன் அது. அதை அடைக்கிற வேலை என்றால், புல்வெளி ஓரத்தில் சாமந்தி வரிசை வைப்பதில் தொடங்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. வேம்பு, புங்கன், நாவல், அரசு, மகிழம் இந்த ஐந்தையே ஊரெல்லாம் நடுவதை நாட்டுத் தாவரப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். அவற்றுக்கு எங்கள் உதவி தேவையில்லை. தவிப்பில் இருப்பது யாரும் விரும்பாத முள்செடிகள், கொடிகள், இரண்டாள் உயரத்துக்கு மேல் போகாத குறுமரங்கள். காயா நட்டால் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும்போதுகூட நிழல் தராது. வேகம் வேண்டும் என்று ஆஸ்திரேலிய அகேசியாவை நட்ட இடங்களில், 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் என்ன செய்தது என்று நேரில் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

கன்று வேண்டும் என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். உங்களிடமும் அதையே கேட்கிறேன். உங்கள் ஊர் அய்யனார் கோயில் பக்கம் வீரை மரம் இருக்கிறதா? பழம் பிடிக்கிற மரமா, வெறும் பூவோடு நின்றுவிடுகிறதா? ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஊர்ப் பெயரோடு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். ஐப்பசி நடவு முடிந்ததும் ஒவ்வொன்றாக வந்து பார்க்கிறோம். பழத்தை மட்டும் நீங்களே பறித்துக் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள், வழியிலேயே புழுங்கிப்போகிறது.